தாத்தாவுக்கு 9 செகண்ட்... பேரனுக்கு 4 செகண்ட்!

வட்டமான ஹெட்லைட், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் இன்ஜின். 1964-ல் விற்பனைக்கு வந்த முதல் போர்ஷே 911-ஐயும், 2019-ல் வந்த 911 கரேராவையும் பக்கத்தில் நிறுத்தினால், 'தாத்தாவும் பேரனும்' என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தாத்தாவுக்கு முதலில் வைத்த பெயர் 901. 'நடுவில் சைபர் வரும் மூன்று இலக்க எண் பிரான்ஸில் எங்களுக்குச் சொந்தம்' என்று பியூஜோ நிறுவனம் ஆட்சேபிக்க, சைபர் இருந்த இடத்தில் 1 வந்து உட்கார்ந்தது. அந்த 911 இன்றுவரை நிலைத்துவிட்டது.

யாருக்கு எவ்வளவு பலம்?

தாத்தாவிடம் 2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 130 குதிரைத்திறன். பேரனுக்கு 3 லிட்டர், இரட்டை டர்போ, 385 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட தாத்தாவுக்கு சுமார் 9 செகண்ட். பேரனுக்கு சுமார் 4 செகண்ட். உச்ச வேகம் தாத்தாவுக்கு 210 கி.மீ., பேரனுக்கு 293 கி.மீ.

எடையில் மட்டும் தாத்தாதான் ஒல்லி. அவர் சுமார் 1,080 கிலோ. பேரனோ 1,500 கிலோவைத் தாண்டிவிட்டான். ஏர்பேக், ஏ.சி., கம்ப்யூட்டர், மோதலைத் தாங்கும் உடல்கூடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த கனம் அது.

வளைவில்தான் பரீட்சை

இன்ஜின் பின்னால் இருப்பதால் காரின் கனமும் பின்னால்தான். தாத்தாவை ஓட்டிக்கொண்டு வேகமாக ஒரு வளைவில் நுழைந்து, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் போச்சு! பின்பக்கம் வீசிக்கொண்டு, கார் சுழலப் பார்க்கும். இதைச் சமாளிக்க ஆரம்பக் காலத்தில் முன் பம்பருக்குள் பாரக் கட்டிகளை வைத்தார்கள். பிறகு பின் சக்கரங்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்கள்.

பேரனிடம் அந்தக் கவலை குறைவு. கார் வழுக்கத் தொடங்கியதும், தேவையான சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டரே பிரேக் போட்டுப் பிடிக்கும். ரோட்டில் தண்ணீர் இருந்தால், சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஒலியை சென்சார்கள் கேட்டு, 'ஈர ரோடு, மோடை மாற்று' என்று ஓட்டுபவரை எச்சரிக்கும்.

அப்படியானால் தாத்தா தோற்றாரா?

இல்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் ரோட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேராகக் கைக்கு வரும். காற்றால் குளிரும் இன்ஜினின் கரகரப்பு காதுக்கு வரும். 80 கி.மீ. வேகத்திலேயே, 'நான்தான் ஓட்டுகிறேன்' என்ற சிலிர்ப்பு கிடைத்துவிடும். அதே சிலிர்ப்பு பேரனிடம் வேண்டுமென்றால், பொது ரோட்டில் போகவே கூடாத வேகத்துக்குப் போக வேண்டும்!

இரண்டிலுமே ஸ்டார்ட் செய்யும் இடம் ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் நடுவில்தான். குடும்ப வழக்கம் அது.

ஞாயிறு காலை, காலியான ரோடு, நல்ல வெயில் என்றால் தாத்தாவோடு கிளம்பலாம். மழை ராத்திரியில் பிள்ளை ஊரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வருகிறான் என்றால்? எந்தத் தாயும் பேரனைத்தான் அனுப்பி வைப்பாள்.