அசல் மான்செஸ்டரையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க

எங்கள் சிங்காநல்லூர் வீதியில் இப்போது பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் சிங்கப்பூர், துபாய், பாங்காக் என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுகிறார்கள். சிங்கப்பூருக்குப் பீளமேட்டிலிருந்தே நேராக விமானம் இருக்கிறது. இறங்கியதும் சிராங்கூன் சாலையில் இட்லி கிடைக்கும். துபாய்க்கு நானும் போனேன். இரண்டாம் நாளே மால்கள் எனக்கு அலுத்துவிட்டன. வீட்டுக்காரிக்கு அலுக்கவில்லை, அது வேறு கதை.

நான் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு உலக வரைபடம் உண்டு. சுவிட்சர்லாந்து என்றால் மற்றவர்களுக்குப் பனிமலை, மில்காரர்களுக்கு வின்டர்தூர். 1795-இல் தொடங்கிய ரீட்டர் கம்பெனியின் ஊர் அது. அந்த ரீட்டரோடு கைகோத்துத்தான் 1962-இல் இங்கே லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. ஜெர்மனி என்றால் கார்டிங் மெஷின் செய்யும் ட்ரூட்ஷ்லர் இருக்கிற மோன்சென்கிளாட்பாக். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் ‘இட்மா’ ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடக்கும். 2019-இல் பார்சிலோனா, 2023-இல் மிலான். கோவை, திருப்பூர் ஆட்கள் கூட்டமாகப் போவார்கள். மிலானில் பெரிய கோயில் எப்படியிருந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. எந்த அரங்கில் எந்த ரிங் ஃப்ரேம் ஓடியது என்று கேளுங்கள், கதிர் எண்ணிக்கையோடு சொல்வார்கள்.

அப்படிப்பட்ட நாமே ஒரு ஊரை விட்டுவிட்டோம். கோவை ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். லண்டனில் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள்கூட, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ரயிலில் போனால் வரும் அசல் மான்செஸ்டரை எட்டிப் பார்ப்பதில்லை. நான் போகிறேன் என்றதும் அக்கா மகன் சிரித்தான். “அங்க என்னங் மாமா இருக்குது? ஃபுட்பால் மேட்ச் பாக்கவா போறீங்க?”

மான்செஸ்டர் ஊருக்குள்ளேயே அறிவியல் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ரயில் விட்டபோது கட்டிய நிலையம் அந்த வளாகத்தில்தான் நிற்கிறது. லிவர்பூல் துறைமுகத்தில் பஞ்சு இறங்கும். இங்கே நூலாகி, துணியாகி, அதே வழியில் கப்பலுக்குத் திரும்பும்.

ஆனால் ஒரே ஒரு இடம் பார்க்கத்தான் நேரம் என்றால், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டையல் கிராமத்தில் இருக்கும் குவாரி பேங்க் மில்லைப் பாருங்கள். 1784-இல் சாமுவேல் கிரெக் கட்டியது. பொல்லின் ஆற்றுத் தண்ணீரால் ஓடிய மில். மேல் மாடியில் ‘மியூல்’ என்கிற பழைய நூற்பு இயந்திரம். நம்ம ரிங் ஃப்ரேமில் கதிர்கள் நின்ற இடத்தில் நின்று சுற்றும். மியூலில் அப்படியில்லை. கதிர்களைச் சுமந்த வண்டி தண்டவாளத்தில் ஐந்தடி வெளியே ஓடி வரும். வரவர நூல் நீண்டு முறுக்கேறும். பிறகு வண்டி உள்ளே போகும். போகும்போது நூலைக் கதிரில் சுற்றிக்கொள்ளும். அறுந்த நூலை ஓடும்போதே பிடித்து ஒட்டுவதும், வண்டி வெளியே வந்திருக்கிற நேரத்தில் அடியில் புகுந்து பஞ்சுக் கழிவைக் கூட்டுவதும் சிறுபிள்ளைகளின் வேலை. வண்டி திரும்புவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அந்தச் சந்தின் உயரத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏழை விடுதிகளிலிருந்து ஒன்பது, பத்து வயதில் கொண்டுவரப்பட்ட அந்தப் பிள்ளைகள் தங்கிய வீட்டையும் காட்டுகிறார்கள். சாப்பாடும் படுக்கையும் உண்டு, வேலை பன்னிரண்டு மணி நேரம். நம்ம பக்கத்து மில் ஹாஸ்டல்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெண் பிள்ளைகளை வைத்திருந்தது நினைவுக்கு வராமல் போகுமா? குவாரி பேங்க்காரர்கள் தங்கள் அவமானத்தை மூடி வைக்கவில்லை, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஊர் நடுவில் ராயல் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. உலகப் பஞ்சு வியாபாரம் பேசிய மண்டபம். 1968-இல் வியாபாரம் நின்றது. 1976-இல் நாடக அரங்கமானது. கடைசி நாள் விலை எழுதிய பலகை மட்டும் இன்றும் மேலே அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்ததும் பஞ்சு கேண்டி என்ன ரேட் என்று கேட்டே வளர்ந்த ஊர்க்காரனுக்கு, அங்கே நாடகம் பார்க்கிறவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அந்தப் பலகை பேசும்.

வடக்கே டார்வென் என்று ஒரு சிறு ஊர். 1931 செப்டம்பரில் காந்தி அங்கே போனார். அந்நியத் துணி வேண்டாமென்று அவர் சொன்னதால் வேலையிழந்த தொழிலாளிகளையே நேரில் பார்க்கப் போனார். அவர்கள் அவரை வரவேற்றார்கள். மில் பெண்கள் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்த படம் உலகப் புகழ் பெற்றது.

சாப்பாட்டுக்கு ‘கறி மைல்’ என்கிற வில்ம்ஸ்லோ சாலை இருக்கிறது. பாகிஸ்தானி, அரபுக் கடைகள்தான் அதிகம். இட்லியை நம்பிப் போகாதீர்கள். விசாவுக்கு முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை போனால் குளிர் தாங்கும். மழை எந்த மாதமும் உண்டு. அந்த ஈரக் காற்றுதான் நூல் அறாமல் காத்து அங்கே மில்களை வளர்த்தது என்பார்கள். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், 1930-களில் வந்த பைக்காரா மின்சாரமும் போல.

கிழக்கே போகிறவர்கள் ஜப்பானில் நகோயாவைச் சேர்த்துக்கொள்ளலாம். டொயோடா குடும்பத்தின் பழைய செங்கல் மில்லையே 1994-இல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். சாகிச்சி டொயோடா 1924-இல் செய்த தானியங்கித் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1929-இல் விலைக்கு வாங்கியது. டொயோட்டா கார் கம்பெனி பிறந்தது அந்தத் தறி வீட்டில்தான். ஆட்கள் நின்று தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

நம்ம ஊரில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888-இல். 1910-இல் தொடங்கிய லட்சுமி மில் வளாகத்தில் இப்போது லூலூ கடை. 2020 ஊரடங்கில் என்.டி.சி. மில்களும் நின்றன. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது; பக்கத்திலேயே இருந்தும் பார்க்காதவர்கள் ஏராளம். வெளிநாட்டுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். நின்றுபோன மில் ஒன்றில், ப்ளோ ரூமிலிருந்து கோன் வைண்டிங் வரை ஒரு வரிசை மெஷினையாவது பழைய இரும்புக்குப் போகாமல் காப்பாற்றி, ஓட்டிக் காட்ட வேண்டும். அரசும் மில் முதலாளிகளும் மனது வைத்தால் முடியாத காரியமில்லை. ஓட்டத் தெரிந்த ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறோம்.