இரண்டு வயர் தூரம்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு ஸ்டூல். அதன் மேல் 12 வோல்ட் பேட்டரி, உள்ளங்கை அகல ஜிபிஎஸ் கருவி, படகிலிருந்து பழுதுபார்க்கக் கழற்றி வந்த விஎச்எஃப் வயர்லெஸ் செட். காசிமேட்டுப் படகுகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிற நண்பரின் வீடு அது. செட்டில் ஏரியல் கிடையாது. மைக்கை அழுத்தக் கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் விதி.

“இந்தப் பொட்டிக்குக் காது இருக்கு, வாய் இருக்கு. தான் எங்க இருக்கோம்னு மட்டும் தெரியாது சார்” என்றார்.

செட்டின் முகப்பில் சின்ன மூடி. அதைத் தூக்கினால் சிவப்புப் பொத்தான். ஆபத்தில் இதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். 70-ஆம் சேனலில், 156.525 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு டிஜிட்டல் செய்தி பறக்கும். படகின் ஒன்பது இலக்க அடையாள எண் அதில் இருக்கும். இந்தியப் படகென்றால் 419 என்று தொடங்கும். என்ன ஆபத்து, எந்த இடம், எத்தனை மணி என்பதும் இருக்கும். யாராவது பதில் தரும்வரை ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை செட்டே திரும்பத் திரும்ப அனுப்பும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தச் செய்திக்கு மொழி கிடையாது என்பதுதான். நம் படகோட்டி தமிழில்தான் கூப்பிடுவார். பக்கத்தில் போகிற சரக்குக் கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர் காவலில் இருக்கலாம். 16-ஆம் சேனலில் குரல் கேட்டாலும் அவருக்குப் புரியாது. 70-ஆம் சேனல் செய்தி வந்தால் அவருடைய கருவி அலறும். திரையில் எண்ணும் இடமும் எழுதிக் காட்டும். சர்வதேசப் பயணம் போகும் பெரிய கப்பல்கள் இந்தச் சேனலை இரவு பகலாகக் கேட்டே ஆகவேண்டும். அந்த ஏற்பாடு 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் இடம் தெரியாத செட் எந்த இடத்தைச் சொல்லும்? விதியில் அதற்கும் விடை இருக்கிறது. இடத்துக்கான கட்டத்தில் பத்து ஒன்பதுகளை நிரப்பி அனுப்பும். ‘நான் மூழ்குகிறேன், எங்கே என்று தெரியவில்லை’ என்று பொருள். விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது. எட்டும் தூரம் ஏரியலின் உயரத்தைப் பொறுத்தது. கரையிலிருந்து 20 கடல் மைல் எட்டுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைவட்டக் கடல் சுமார் 2,150 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். ஐந்து சென்னைகளுக்குள் ஒரு ஃபைபர் படகைத் தேடுவதற்குச் சமம்.

கையால் இடத்தைத் தட்டிவைக்கவும் வழி உண்டு. வலை இழுக்கிற நேரத்தில் யார் அதைச் செய்வார்கள்? அதனால்தான் நான்கு மணி நேரம் பழசான இடமென்றால் செட் எச்சரிக்கும். இருபத்து மூன்றரை மணி நேரம் கடந்தால் தானே அழித்துவிடும். மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு, அந்த நான்கு மணி நேரத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும்.

விஎச்எஃப் எட்டாத தூரமும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது குமரி மாவட்டத்தின் மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன. செல்போனும் கரையைக் கேட்கும் வயர்லெஸும் எட்டாத தூரம் அது. அங்கே செயற்கைக்கோள்தான் துணை. இஸ்ரோவின் ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி அதற்காகத்தான் இருக்கிறது; 2024-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, ‘உன் கூக்குரல் கிடைத்துவிட்டது’ என்று படகுக்கே பதில் அனுப்புகிறது. ஆனால் பக்கத்துப் படகும் கடந்துபோகும் கப்பலும்தான் முதலில் வந்து சேரும். அவர்களிடம் பேச விஎச்எஃப் வேண்டும்.

சரி, மாடிக்கு வருவோம். ஜிபிஎஸ் கருவியின் வாலிலிருந்து வரும் வயர்களில் இரண்டை நண்பர் பிரித்தெடுத்தார். அவற்றைக் கணினியில் மாட்டிக் காட்டியபோது, விநாடிக்கு ஒரு வரி ஓடியது. டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரித்த வரி. கடல் கருவிகளுக்கிடையே 1980-களிலிருந்து பேசப்படும் இந்த மொழிக்கு என்எம்இஏ 0183 என்று பெயர். விநாடிக்கு 4,800 பிட் வேகம். இன்றைய கணக்கில் ஆமை நடை. ஒரு வரிக்கு 82 எழுத்துக்கு மேல் கூடாது. முதலில் நேரம். அடுத்து ஒரே ஓர் எழுத்து: ‘ஏ’ என்றால் இந்த இடத்தை நம்பலாம், ‘வி’ என்றால் நம்பாதே. பிறகு 1303 என்று தொடங்கும் எண், 08015 என்று தொடங்கும் எண். வடக்கே 13 டிகிரி 3 கலை, கிழக்கே 80 டிகிரி 15 கலை: ராயப்பேட்டை. கடைசியில் நட்சத்திரக் குறியும் சரிபார்ப்புக்கு இரண்டு இலக்கமும். வழியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் கணக்கு உதைக்கும், செட் அந்த வரியைத் தள்ளிவிடும்.

கலை என்பதைப் படகில் ‘மினிட்’ என்பார்கள். 60 கலை ஒரு டிகிரி. வடக்கு தெற்காக ஒரு கலை ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். இங்கேதான் வாயால் இடம் சொல்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ‘பதிமூன்று நாற்பத்தைந்து’ என்பதை ஒருவர் 13 டிகிரி 45 கலை என்று சொல்ல, கேட்பவர் 13.45 டிகிரி என்று எழுதிக்கொண்டால், வித்தியாசம் 18 கடல் மைல். 33 கிலோமீட்டர் தள்ளிப்போய்த் தேடுவார்கள். வயர் இப்படிக் குழம்பாது.

செட்டுக்குள் அந்த வயர் முடியும் இடம் அழகானது. ஜிபிஎஸ்ஸின் மின்சாரம் செட்டுக்குள் நுழைவதே இல்லை. நுழைவாயிலில் கடுகளவு விளக்கு ஒன்று செய்திக்கேற்ப மினுக்குகிறது. எதிரே ஒளியுணரி அதைப் பார்த்துப் படிக்கிறது. நடுவில் கம்பி கிடையாது, வெளிச்சம் மட்டுமே. எஞ்சின் டைனமோவின் இரைச்சலும் எர்த் கோளாறும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இருக்க, கேட்கும் கருவிகளுக்கு இது விதியாகவே இருக்கிறது.

இணைப்பு எங்கே கெடும் என்று கேட்டேன். நண்பர் விரல் மடக்கவில்லை, ஒரு பழைய வயரை எடுத்து உரித்துக் காட்டினார். செம்பு பச்சையாகி, தொட்டதும் உதிர்ந்தது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. “உப்புக் காத்துக்கு டேப்பு எம்மாத்திரம்?” ஈயம் பூசிய வயர் வேண்டும், சால்டர் வைத்துச் சுருங்கும் குழாய் போடவேண்டும், அதையும் படகு குலுங்கும்போது ஆடாமல் கட்டவேண்டும் என்றார். இன்னொன்று, வயரின் நிறத்தை நம்பவே கூடாது. ஒரு கம்பெனிக்கு நீலம் பேசும் வயர். வேறொன்றுக்கு அதே நீலம் கேட்கும் வயராக இருக்கலாம். ஜிபிஎஸ்ஸின் வாய் செட்டின் காதோடு சேரவேண்டும். வாயும் வாயும் சேர்ந்தால் இரண்டும் ஊமை. புத்தகத்தைப் பார்த்துத்தான் மாட்டவேண்டும்.

ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும் செட்டுகள் இப்போது கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கட்டும். ஆனால் ஏற்கெனவே இரண்டும் வைத்திருந்து, ஒரு சாண் இடைவெளியில் பேசாமல் கிடக்கவிட்ட படகுகளை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அது தாங்கவில்லை. செட்டை விற்பவரும் மானியத்தில் தருபவரும் இந்த இணைப்பையும், அடையாள எண் பதிவதையும் முடித்துத்தான் கையில் கொடுக்கவேண்டும். எண் பதியாத செட்டில் சிவப்புப் பொத்தான் வேலையே செய்யாது.

இந்த மாடியிலிருந்து நேப்பியர் பாலம் தொலைவில்லை. கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் அங்கே 2024 ஆகஸ்டில் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. 1554-க்குப் போன் செய்தால் காவல்படைதான் எடுக்கும். எந்த வழியில் கூப்பிட்டாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எங்கே இருக்கிறீர்கள்.

நண்பர் இரண்டு வயர்களையும் சேர்த்தார். செட்டின் திரையில் முதலில் கோடுகள் மட்டும் தெரிந்தன. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு 13, 03, 80, 15. கீழே மணி, நிமிடம், விநாடி.

“இடத்த விடுங்க, அந்த விநாடியப் பாருங்க” என்றார். “அது ஓடினா வயரு உசுரோட இருக்கு. நின்னுட்டா நேத்து இடத்தத்தான் காட்டிக்கிட்டு இருக்கு. கயிறு அவுக்கறதுக்கு முன்னாடி தினம் அத ஒரு தரம் பாக்கச் சொல்லித்தான் செட்ட மாட்டிக் குடுக்கறேன்.”