முதல் ட்ரோனுக்குப் பழைய மூளை போதும்!

நாலு மோட்டார் சுத்தினா ட்ரோன் பறந்துடும்னு நினைக்கிறீங்களா? பறக்காது, குப்புற விழும்! நாலு மோட்டாரும் துல்லியமா ஒரே மாதிரி சுத்தாது. ட்ரோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை 'கைரோ' உணரி கண்டுபிடிக்கும். உடனே எந்த மோட்டாரை வேகமாக்கணும், எதைக் குறைக்கணும் என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்குப் போடுவது 'ஃப்ளைட் கன்ட்ரோலர்'. இதுதான் ட்ரோனின் மூளை.

இது புது மாடலாத்தான் இருக்கணுமா? வேண்டாம்! 'கேகே 2.1' என்ற பழைய போர்டில் இருப்பது வெறும் 8 பிட் சிப். ஆனால் சின்னத் திரையும் 4 பட்டன்களும் அதிலேயே உண்டு. கம்ப்யூட்டர் இல்லாமலே எல்லாத்தையும் செட் பண்ணலாம்.

குறைகள்? ஜி.பி.எஸ். கிடையாது. காற்று தள்ளினால் நாமதான் பிடிச்சு நிறுத்தணும். தானாகத் திரும்பி வராது. ஆனால் ஓட்டக் கத்துக்க அதுவே நல்ல பயிற்சி!

'நேஸ் 32' என்பது 32 பிட் போர்டு. இதற்குக் கம்ப்யூட்டர் வேணும். 'பீட்டாஃபிளைட்' மென்பொருளின் புதிய பதிப்புகள் இதில் ஓடாது, பழைய பதிப்பைத்தான் போடணும். வாங்கும் முன் இதை விசாரிங்க.

மிச்சமாகும் காசில் நல்ல பேட்டரி சார்ஜரும் உதிரி புரொப்பல்லர்களும் வாங்குங்க. மட்டமான சார்ஜரால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம்!

கவனம்: மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றி வையுங்க. போர்டு போனால் வேற வாங்கலாம், விரல் போனால்?