முகக்கவசத்தில் 95 என்னும் எண் எதைக் குறிக்கிறது?

பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை நார் ஆலைத் தூசியிடையே பணிபுரிவோரும், ஆஸ்துமா உடையோரும் ‘என்95’ முகக்கவசத்தை நாடுகின்றனர். அவ்வெண்ணின் பொருளை அறிந்து அணிந்தால்தான் அதன் முழுப்பயனும் கிட்டும்.

இத்தரத்தை அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியாஷின் 1995ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. முகக்கவசத்தின் விளிம்புகளைக் காற்றுப் புகாதவாறு அடைத்து, நுண்ணிய உப்புத் துகள்கள் கலந்த காற்றை நிமிடத்திற்கு 85 லிட்டர் வீதம் அதனூடே செலுத்துவர். கடும் உழைப்பின்போது மூச்சிழுக்கும் வேகத்தை ஒட்டிய அளவு இது. குறைந்தது 95 விழுக்காடு துகள்களேனும் தடுக்கப்படல் வேண்டும். எண்ணெய்த் துளிகள் மிதக்கும் காற்றுக்கு இது ஏற்றதன்று என்பதை ‘என்’ என்னும் எழுத்து உணர்த்தும்.

சோதனைத் துகள்கள் ஏறத்தாழ 0.3 மைக்ரானும் அதனினும் சிறியவையும் ஆகும். வடிகட்டி என்பது சல்லடை அன்று. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல இயலாமல் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை அங்குமிங்கும் அலைபாய்ந்து இழைகளில் சிக்குகின்றன. இடைப்பட்ட அளவினவே எளிதில் நழுவுகின்றன. அவற்றையே தடுக்கும் வடிகட்டி, பருத்த நார்த்தூசியை இன்னும் நன்றாகத் தடுக்கும்.

ஆயினும் விளிம்பில் இடைவெளி இருந்தால் இக்கணக்கு மாறிவிடும். நீங்கள் இழுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு இடுக்கு வழியே நுழைவதாகக் கொள்வோம். அப்போது பாதுகாப்பு 95 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 85 ஆகக் குறையும். அடர்ந்த தாடியும் தளர்ந்த பட்டைகளும் இவ்வாறே இடுக்கை உண்டாக்கும்.

எனவே நாங்கள் கூறுவன இவை:

மூக்குக் கம்பியை இரு கைவிரல்களாலும் அழுத்திப் பொருத்துங்கள். மூச்சை வெளிவிடும்போது கண்ணருகே காற்றுப் பட்டால் மீண்டும் சரிசெய்யுங்கள்.

துவைக்காதீர்கள். இழைகளில் ஏற்றப்பட்ட மின்னேற்றம் துகள்களை ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்பு நீரில் அது குன்றிவிடும்.

வாயுக்களையும் நெடியையும் இது தடுக்காது. புகை சூழ்ந்த இடத்தைவிட்டு அகலுவதே நன்று.

நுரையீரல் நோய் உடையோருக்கு இதனூடே மூச்சிழுத்தல் கடினமாகலாம். திணறலோ தலைச்சுற்றலோ தோன்றினால், தூசியற்ற இடத்திற்குச் சென்று கழற்றிவிடுங்கள். நீண்ட நேரம் அணியுமுன் உங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். இன்ஹேலரை உடன் வைத்திருங்கள். முகக்கவசம் அணிந்திருப்பதால் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.