மேசை மேல் ஒரு பித்தளை மலை

எடை போட்டு முடித்த நூறு தோட்டாக் கூடுகளை ஒருமுறையாவது மேசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 170 கிரெயின் (தோட்டாவை எடை போடும் அலகு) உள்ளவை ஒரு வரிசை, 170.5 அடுத்த வரிசை, 171 அதற்கடுத்தது. ஓரங்களில் ஒன்றிரண்டுதான் நிற்கும், நடு வரிசைகளில் கூட்டம் நெரியும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், பள்ளிப் புத்தகத்தில் படித்த அந்த மணி வடிவ வளைவு பளபளவென்று பித்தளையில் எழுந்து நிற்கிறது! கையால் தொடலாம், விரலால் எண்ணலாம்.

இது அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட்டுகளில் நடக்கிற வேலை. பேர் ரீலோடிங். இலக்கு சுடும் போட்டிக்காரர்கள், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசுவதில்லை. அதைக் கழுவி, உருவைச் சரிசெய்து, புது ப்ரைமரும் (பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நாம் எட்டிப் பார்க்கப் போவது, மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நடக்கும் வேலையை மட்டும்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

முதலில் குளியல். அரைத்த வால்நட் ஓடு அல்லது சோளத் தக்கைத் தூளோடு கூடுகளை ஒரு அதிரும் தொட்டியில் போட்டுவிட்டால் சில மணி நேரத்தில் மின்னும். சிலர் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்போமே, அதே வேதியியல்! அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டுகிறார்கள். நீளத்தில் வித்தியாசம் இருந்தால் எடை பொய் சொல்லும். பழைய ப்ரைமரையும் தட்டி எடுத்தாக வேண்டும்.

பிறகு தராசு. 0.1 கிரெயின் வரை காட்டும் சின்னத் தராசு. 0.1 கிரெயின் என்றால் 6.5 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் பட்டறைக் கணக்கில் சொன்னால், ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின். அதை இருபது பங்காக்கி ஒரு பங்கைப் பிடிக்கிற நுட்பம் இது. மின்விசிறியை நிறுத்துகிறார்கள். தராசை முன்கூட்டியே போட்டு நிலைக்கு வரவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து கூடுகளுக்கு ஒருமுறை சோதனைக் கல்லை வைத்துச் சரிபார்க்கிறார்கள். நகைக் கடையில் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஏன் என்று இந்த மேசை முன் உட்கார்ந்தால் சட்டென்று புரிந்துவிடும்.

எதற்காக இத்தனை பாடு? கூட்டுக்குள் இருக்கும் இடம்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும், தூரத்துப் பலகையில் துளை மேலும் கீழும் விழும். வெளியளவு ஒன்றாக இருக்கும்போது பித்தளை கூடக் கூட உள்ளே இடம் குறையும். பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு அடர்த்தி. ஆகவே கூட்டின் எடை 8.5 கிரெயின் கூடினால், உள்ளே 1 கிரெயின் தண்ணீர் கொள்ளும் இடம் போய்விடும். 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையின் கூடு கொள்வதே சுமார் 56 கிரெயின் தண்ணீர்தான்.

இப்போது கம்பெனிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இதே .308-இல் வின்செஸ்டர் கம்பெனியின் கூடுகள் பெரும்பாலும் 160 கிரெயினை ஒட்டி இருக்கும். ஃபின்லாந்தின் லாபுவா 170-ஐத் தாண்டும். அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யும் லேக் சிட்டி கூடு 180-ஐத் தொடும். வெளியளவில் மூன்றும் அச்சாக ஒன்றே! கனமான ராணுவக் கூட்டில் மருந்தைக் குறைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான். விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம்.

லாபுவாவின் பேர் பெரிதாக இருப்பதற்குக் காரணம் எடை கூடுதலாக இருப்பது அல்ல. ஒரு பெட்டிக்குள் எடை சிதறாமல் இருப்பது. மேற்கு ஃபின்லாந்தில் அதே பேருள்ள சிற்றூரில் 1923-இலிருந்து தோட்டா செய்கிறார்கள். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவையிலிருந்து கிண்ணம் போல ஒரு துண்டு வெட்டி, அதை இழுத்து, சூடேற்றி இளக்கி, மறுபடி இழுத்து நீட்டுகிறார்கள். கடைசியில் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டுகிறார்கள். லாபுவா கூட்டின் கழுத்தில் தெரியும் அந்த நீலமும் பழுப்பும் கலந்த சாயல் அதன் தடம்தான். இந்தக் கடைசி வேலைக்குப் பின்னால் நம் ஊர் மழைக்காலம் இருக்கிறது! பிரிட்டிஷ் இந்தியாவில் மழை மாதங்களில் தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. உள்ளே தங்கிய இறுக்கமும், லாயத்துக் குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் விளக்கம் வந்தது. சூடு காட்டினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

மறுபடி நம் பித்தளை மலைக்கு வருவோம். சில சமயம் அதில் இரண்டு முகடு எழும். வெவ்வேறு சமயத்தில் செய்தவை ஒரே பையில் கலந்திருக்கலாம். கூட்டத்தை விட்டு நாலு கிரெயின் தள்ளி ஒற்றையாக ஒன்று நிற்கும். அதைக் கண்டுபிடிக்கும் கணம் இருக்கிறதே, புதையல் எடுத்த மாதிரி! ஆனால் நடுவில் நிற்கும் கூட்டத்தை அரை அரை கிரெயினாகப் பிரித்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடிப்பகுதியில் சுற்றி வெட்டிய பள்ளம் கொஞ்சம் ஆழமாக இருந்தாலே எடை குறைந்துவிடும். உள்ளே இடம் அப்படியே இருக்கும். உண்மை தெரிய வேண்டுமானால் ஒருமுறை சுட்ட கூட்டின் அடித்துளையைப் பழைய ப்ரைமரால் அடைத்து, வாய் வரை தண்ணீர் ஊற்றி எடை போட வேண்டும்.

இந்தப் போட்டிக்காரர்கள் தேடும் துல்லியம் எவ்வளவு என்பதற்கு ஒரு உதாரணம்: 1973-இல் மாக் மக்மில்லன் என்ற போட்டிக்காரர் 100 கஜத்தில் ஐந்து குண்டுத் துளைகளின் மையங்களை 0.009 அங்குலத்துக்குள் அடக்கினார். கால் மில்லிமீட்டர்கூட இல்லை! அந்தச் சாதனை நாற்பது ஆண்டுகள் நின்றது.

கையில் காசு இருந்தால் லாபுவாவில் ஒரே லாட் எண் கொண்ட பெட்டிகளாக வாங்குங்கள். இல்லையென்றால் வின்செஸ்டரில் 200 வாங்கி, எடை போட்டு, இரு ஓரங்களிலும் நிற்பவற்றை ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ள 150-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதுவே தாராளமாகப் போதும்.