இருமாத மின்கட்டணமும் 500 யூனிட் எல்லையும்

தமிழ்நாட்டு வீடுகளில் மின் கணக்கெடுப்பு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 2016 முதல், முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல், மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்பதே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட் பயன்படுத்தினால் ரூ.1,725. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.1,958. காரணம், 101 முதல் 200 வரை ரூ.2.25 என்ற சலுகை விலை நீங்கி ரூ.4.50 ஆகிவிடும். ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.233! 2024இல் விலைகள் சற்று உயர்ந்தன; எல்லை மாறவில்லை.

வெயில் மிகுந்த விருதுநகர், சிவகாசிப் பகுதியில் இந்த எல்லையைத் தாண்டவைப்பதில் மின்விசிறிக்கும் பங்குண்டு. காகிதக் குழாய் உருட்டுவது போன்ற வேலைகள் நடக்கும் வீடுகளில் அது பகலிலும் ஓடும். 75 வாட் பழைய விசிறி தினமும் 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 67.5 யூனிட். 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு 27 யூனிட் போதும். இரண்டு விசிறிகளை மாற்றினால் 81 யூனிட் மிச்சம். 560 யூனிட் ஓடிய வீடு 479க்கு இறங்கும். 2022 கட்டணத்தில் இது ரூ.831 குறைவு. 240 யூனிட் ஓடும் வீட்டில் மிச்சம் ரூ.272 மட்டுமே, அவர்கள் பழைய விசிறி பழுதாகும் வரை பொறுக்கலாம். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளுக்குத்தான் காற்று. ஆளில்லாத அறையில் எந்த விசிறியும் வீண்.

கணக்கெடுத்த அன்றைய மீட்டர் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். 45ஆம் நாளில் 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், அதே வேகத்தில் 500ஐத் தாண்டிவிடும். சிக்கனம் பிடிக்க அப்போது இன்னும் 15 நாள் இருக்கும்.