பணியைத் துறப்பது ஏன்?

கல்லூரிப் படிப்பை முடித்துப் பணியில் அமரும் இளைஞர் சிலர், ஓராண்டு நிறையுமுன்னே அதனைத் துறந்து வருவதைக் காண்கிறோம். "இக்காலத்தவர்க்குப் பொறுமை இல்லை" எனப் பெரியோர் வருந்துகின்றனர். "ஊதியம் போதவில்லை" என இளைஞர் விடையிறுக்கின்றனர். இவ்விரண்டும் முழுமையான காரணங்கள் ஆகா என்பதை நம் புதுச்சேரியின் வரலாறே உணர்த்தும்.

பிரெஞ்சு ஆட்சியில் சவானா, ரோடியர், கெப்ளே என்னும் மூன்று பஞ்சாலைகள் இந்நகரில் இயங்கின. தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தனர். கூலியோ குறைவு, குறையை எடுத்துரைக்கச் சங்கம் அமைக்கும் உரிமையும் இல்லை. வ. சுப்பையாவின் தலைமையில் அவர்கள் போராடினர். 1936 சூலை 30-ஆம் நாள் அவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் நீத்தனர். மறு ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டத்தில் இடம்பெற்றன.

அவர்கள் வேண்டியவற்றை எண்ணிப் பார்ப்போம். கூலி உயர்வு அவற்றுள் ஒன்று. அதுவே முழுவதும் அன்று. தம் வாழ்நாளில் தமக்கென்று சில மணி நேரத்தையும், தம் சொல்லுக்குச் செவி கொடுப்போரையும் அவர்கள் வேண்டினர். பணியிடத்து மனக்குறையின் வேர்கள் இவையே.

வேலையின் தன்மையும் மற்றொரு காரணம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1913-இல் நகரும் தொடர்வரிசை முறையைப் புகுத்தியது. கூலி குறைக்கப்படவில்லை, எனினும் ஒரே செயலை நாள் முழுதும் செய்யும் சலிப்பைத் தாங்காது பலர் வெளியேறினர். ஏறத்தாழ 14,000 பேர் பணியாற்றிய ஆலையில், அவ்வெண்ணிக்கை குறையாதிருக்க அவ்வாண்டில் 52,000 பேரைச் சேர்க்க நேர்ந்தது. 1914 சனவரியில் நாட்கூலி ஐந்து டாலராக உயர்ந்தது; வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. அதன்பின் விலகுவோர் தொகை பெரிதும் குறைந்தது.

மனம் நொந்த பணியாளர்முன் இரு வழிகள் உள்ளன என்று பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் விளக்கினார். ஒன்று, வாய்திறந்து குறையைக் கூறுவது, மற்றொன்று, வெளியேறுவது. நம் ஆலைத் தொழிலாளர்க்கு வேறு பிழைப்பைத் தேடிச் செல்வது எளிதன்று. ஆதலின் குரல் எழுப்பினர். இன்றைய இளைஞர்க்கோ வேறிடம் உண்டு. ஆதலின் ஒரு சொல்லும் கூறாது சென்றுவிடுகின்றனர். குறை கூறுபவர் அந்நிறுவனம் திருந்தும் என இன்னும் நம்புகிறார். பேசாது விலகுபவர் அந்நம்பிக்கையை இழந்துவிட்டார்.

ஆகவே, கடைகளும் நிறுவனங்களும் நடத்தும் பெரியோர், பணியாளரின் குறையுரையைப் பணிவின்மையாகக் கொள்ளற்க. அது திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. வேலை நேரத்தை வரையறுத்து உரைத்தலும், நன்கு செய்த பணியைப் பாராட்டுதலும் பெருஞ்செலவு வேண்டாதவை. மாணவச் செல்வங்களும் மனம் நொந்த அன்றே விலகற்க; குறையை முறையாக எடுத்துரைத்து, அதன்பின் முடிவு செய்க.

அம்மூன்று ஆலைகளும் இன்று இயங்கவில்லை. ரோடியர் ஆலையாயிருந்த ஏ.எப்.டி. 2020-இல் மூடப்பட்டது. எனினும் எட்டு மணி நேரம் என்னும் எல்லை நிலைத்து நிற்கிறது. உயிரைக் கொடுத்துப் பெற்ற அவ்வெல்லையை நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் காத்தலே அப்பன்னிருவர்க்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.